பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய்த் தண்ணீர்

செஞ்சியில் அந்தக் குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாவற்றையும் உடனே மாற்றிவிட வேண்டும் என்றிருந்தது. ஆஸ்துமா பிள்ளைகளுக்கென்று வாரத்தில் ஒரு சாயங்காலத்தை டாக்டரிடம் அடம்பிடித்து வாங்கினேன். சுவருக்கு நானே போஸ்டர் வரைந்தேன். நீல இன்ஹேலர் இழுப்பு வந்தால் மட்டும். ஆரஞ்சு தினமும் இரண்டு வேளை. இரண்டு வேளைக்கு ஒரு சூரியன், ஒரு நிலா. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும் என்று எனக்கு என்மேலேயே ஒரு மெச்சுதல்.

மழைக்காலம் வந்ததும் அந்த மெச்சுதல் நமுத்துப்போனது. அவலூர்பேட்டை பஸ் வந்து நின்றால் பெஞ்சு நிரம்பிவிடும். ஈரக் குடை, இருமல், அழுகை. "இது பழகிடும்னு பக்கத்து வூட்ல சொல்றாங்களே சிஸ்டர்?" "ஒரு ஊசி போட்டு உடுங்களேன்." ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். என் குரல் எனக்கே அலுத்துப்போனது.

அந்தக் கூட்டத்தில் மேல்சித்தாமூரிலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் வருவார்கள். ஜெயின் குடும்பம், அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். பெண் மூன்றாவது படித்தாள். நாங்கள் சொன்னதையெல்லாம் செய்தவர்கள் அவர்கள். தூசி கிளப்பும் மூட்டைகளை வீட்டிலிருந்து அகற்றினார்கள், கொசுவர்த்தியை நிறுத்தினார்கள். அப்படியும் ராத்திரியானால் பெண்ணுக்கு இழுப்பு. நீல இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு, அவளை மடியில் சாய்த்தபடி அந்த அம்மா உட்கார்ந்தே விடியவைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாட்டியும் கொறையலன்னா மருந்த ஏத்தணும்மா," என்றார் டாக்டர். "இல்லன்னா பாண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

அந்த அம்மா பெண்ணின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தார்.

அதற்கடுத்த முறை அவர்கள் வந்த அன்று மழையில் கரண்ட் போய், எல்லாம் தாமதமாகி, அவர்கள் முறை வரும்போது வெளியே இருட்டிவிட்டது. நான் நின்றபடியே தூங்கும் நிலையில் இருந்தேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "நீயே செஞ்சி காட்டு பாப்பா. வீட்ல ராத்திரி எப்டி அடிப்ப?" என்று ஆரஞ்சு இன்ஹேலரையும், அதில் மாட்டி உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாயையும் நீட்டினேன்.

குலுக்கினாள், மாட்டினாள், நிதானமாக இழுத்தாள், மூச்சை நிறுத்தினாள். ஒரு குறையில்லை. வழக்கப்படி வாய் கொப்பளிக்கத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, கசக்குதா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை.

"பொழுது சாஞ்சிடுச்சி சிஸ்டர்," என்றார் அம்மா, மெதுவாக. "மழைக்காலம் முடியிற வரைக்கும் இருட்டினப்புறம் பச்சத்தண்ணி கூட வாய்ல வெக்க மாட்டேன். எங்க ஜெயின்ல இது நோன்பு, வருஷா வருஷம் நான் இருக்கறதுதான். இந்த வருஷம் இவளும் இருக்கறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"நீ ரெண்டு வருஷம் கழிச்சி இருன்னு அம்மா சொல்லிச்சி," என்று கைக்குள்ளிருந்து பெண்ணின் குரல் வந்தது. "நான்தான் இருக்கறேன்."

"அப்ப ராத்திரி மருந்து?" என்றேன்.

"கொப்பளிக்கலன்னா வாய்ல புண்ணு வரும்னு நீங்கதான அவ்ளோ தூரம் சொன்னீங்க? அதான் ராத்திரிய உட்டுட்டோம். காலைல மட்டும் தவறாம குடுக்கறேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "சாயங்காலம் எப்ப சாப்புடுவீங்க?"

"ஸ்கூல் உட்டு வந்ததும். வெளிச்சம் இருக்கும்போதே."

"சாப்பாட்டுக்கு முன்னாடி மருந்த அடிச்சி, கொப்பளிச்சிட்டு, அப்புறம் சாப்புடட்டும். வேற ஒண்ணும் மாத்த வேணாம். அடுத்த வாட்டி பாத்துட்டு ஏத்தறதப் பத்தி யோசிக்கலாம்."

"அப்டி குடுக்கலாங்களா? ராத்திரின்னு போட்டிருக்குதே!" அந்த அம்மா சுவரைக் காட்டினார்.

டாக்டர் நிலாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நட்சத்திரத்த மட்டும் ஏம்மா உட்டுட்ட?" என்றார். பெண் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

கிளம்புவதற்கு முன் நிலாவின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினேன். அதில் என்ன வரைவது என்று தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, விளக்கம் சொல்வதற்கு முன்னால், "உங்க வீட்ல எப்ப சாப்புடுவீங்க, எப்ப தூங்குவீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். இதனால் ஒவ்வொருவருக்கும் இன்னும் நேரம் பிடித்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். நானும்தான்.

அடுத்த முறை அவர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப மத்தியானமே வந்தார்கள். டாக்டர் பெண்ணின் முதுகில் ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டார். மருந்தை ஏற்றவில்லை. பாண்டிச்சேரிப் பேச்சையும் எடுக்கவில்லை.

"ராத்திரில எப்டிக்கா இருக்குது?" என்றேன்.

"தூங்கறோம் சிஸ்டர்," என்றார் அந்த அம்மா. "ரெண்டு பேரும். நேத்து விடிஞ்சது கூடத் தெரியல."

அவர் முகத்தைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தேன். வாசலில் அவலூர்பேட்டை பஸ் வந்து நின்றது.