சூப்பர்வைசர் சாப்பிட வேண்டுமென்றால்

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். இதைச் சொன்னவர்கள் என் மாமாவின் பூனையைப் பார்த்ததில்லை. அது கண்ணை மூடியதே கிடையாது. நாங்கள் என்ன செய்கிறோம், அதை ஒழுங்காகச் செய்கிறோமா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு சூப்பர்வைசர் என்று மாமா பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். பெங்களூர் ஆடுகோடியில் ஒற்றை அறையில் பூனையோடு இருந்தார். ஏதோ பயிற்சிக்கென்று கம்பெனியில் அவரை ஒரு மாதம் புனேவுக்கு அனுப்பினார்கள். ஈஜிபுராவில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பிளாஸ்டிக் கூடையை அம்மாவின் கையில் கொடுத்து, "எதப் போட்டாலும் சாப்பிடும்க்கா, ஒரு தொந்தரவும் இல்ல" என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

எதைப் போட்டாலும் சாப்பிடவில்லை. பால் வைத்தோம். கருவாடு போட்டுப் பிசைந்த சோறு வைத்தோம். அப்பா மீன்கூட வாங்கி வந்தார். முகர்ந்து பார்க்கும், பிறகு எங்களைப் பார்க்கும். அவ்வளவுதான். அதன் வயிறு ஒட்டிப்போனதைப் பார்த்து அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அவனுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். செத்துகித்துப் போச்சுன்னா அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று புலம்பிக்கொண்டே மாமாவுக்குப் போன் போட்டாள்.

மாமா மென்று முழுங்கினார். "அது தனியா சாப்பிடாதுக்கா. யாராச்சும் கூடக் கீழ உக்காந்து சாப்ட்டாதான் சாப்பிடும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னா நீ வெச்சுக்க மாட்டியேன்னுதான்."

அப்பா லேத் பட்டறையில் நாள் முழுக்க நிற்கிறவர். முட்டி மடங்காது, கட்டிலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். கட்டிலை சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்து நான் உட்கார்ந்தேன். டிவியைப் பார்த்தபடி அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். அது ஒரு வாய்கூடத் தொடாமல் என் காலித் தட்டையே வெறித்துப் பார்த்தது. ஒரு பூனையிடம் அவமானப்பட்ட கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. மிச்சமிருந்தது அம்மா.

அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுப்பருகில் நின்றபடி, பாத்திரத்தை வழித்து ஏதோ வாயில் போட்டுக்கொள்வாள். மாடியில் இருந்த வீட்டு ஓனர் ஆன்ட்டி, தண்ணீர் மோட்டார் போட இறங்கும்போதெல்லாம் எங்கள் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்து "ஊட்டா ஆய்த்தா?" என்பார். சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் பெங்களூரில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மா "ஆய்த்து ஆன்ட்டி" என்று சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு அம்மா தரையில் உட்கார்ந்து தட்டை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் பூனையின் தட்டு. அம்மா ஒரு வாய் எடுத்தாள், அதுவும் ஒரு வாய் எடுத்தது. எனக்கு விக்கல் வந்தது. "அம்மா, தண்ணி" என்றேன். அம்மா எழுந்தாள். பூனை நிறுத்திவிட்டது. வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது. அப்பா இன்னொரு தோசை கேட்டார். அம்மா எழுந்தாள். இந்தத் தடவை அவள் திரும்பி வந்து கெஞ்சியும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதோடு வீட்டில் சட்டம் வந்தது. அம்மா உட்கார்ந்துவிட்டால் யாரும் கூப்பிடக் கூடாது. அப்பா தன் தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தார். ஊறுகாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். என் தோசையை நானே ஊற்ற வேண்டியிருந்தது. பாதி கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும், மீதி கருகும். ஒரு பூனைக்காக ஒரு குடும்பமே இப்படி அல்லாட வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவின் எரிச்சல் எங்களுடையதைவிடப் பெரிது. "நின்னமா, நாலு வாய் அள்ளிப் போட்டமான்னு அடுத்த வேலையப் பாக்க முடியுதா? எனக்கும் ஒரு துண்டு மீன் வெச்சிக்கணுமாம். இல்லாட்டி என் தட்டையே பாக்குது, சனியன்" என்று திட்டிக்கொண்டே மீனைத் தின்பாள். ஓனர் ஆன்ட்டி கேட்டால், "இன்னும் இல்லை ஆன்ட்டி, பூனை கூப்பிட்டால்தான் சாப்பாடு" என்று கன்னடத்தில் சொல்வாள். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். மாதக் கடைசியில் அம்மாவின் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. "பூனை சோத்துல நீ தேறிட்ட" என்று அப்பா கிண்டலடித்தார்.

ஒருவழியாக மாமா வந்தார். பூனை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ கூடை எப்போது வாசலைத் தாண்டும் என்றிருந்தது. தாண்டியது. அன்று சாயங்காலமே நான் டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து தோசை கேட்டேன். முறுகலாக, சூடாக வந்தது. அப்பாவுக்குக் கட்டிலுக்கே தண்ணீர் வந்தது.

கடைசியில் அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் தரையில் உட்காரப் போனாள். பக்கத்தில் பூனையின் தட்டு இல்லை. பிறகு அடுப்பருகே போய் நின்றபடி தோசையைப் பிய்த்தாள். சனியன் ஒழிந்தது, இனி அம்மாவுக்கும் நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலில் ஓனர் ஆன்ட்டியின் தலை தெரிந்தது. "ஊட்டா ஆய்த்தா?"

"ஆய்த்து ஆன்ட்டி" என்றாள் அம்மா, முதல் வாயை மென்றுகொண்டே.

ஆகிவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். அதனால்தான், "அம்மா, இன்னும் ஒண்ணு" என்று குரல் கொடுத்தேன்.