மடிப்பில் எழுதியது

என் பழைய கையெழுத்தை நான் மறுபடியும் பார்த்தது ஒரு கைப்பேசித் திரையில். ஒருத்தி அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கும் இன்னொருத்தி அனுப்பிய கத்தரிக்காய்த் தொக்குக்கும் நடுவே, நீல நிற இன்லேண்ட் கடிதம் ஒன்று விரித்துப் போட்டபடி கிடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதியது. அனுப்பியவள் என் தோழி. மிஷன் பள்ளி விடுதியில் எனக்கு அடுத்த படுக்கைக்காரி. "எங்க காலத்து வாட்ஸப்" என்று மேலே எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தாள். விடுதியில் இருந்தவர்களுக்கென்று வைத்திருக்கும் குழு அது. நான் பார்ப்பதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். கடிதத்தில் பெரும்பகுதி விடுதிச் சாம்பாரையும் வார்டன் அம்மாவின் நடையையும் பற்றியதுதான். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அவள் கடிதத்தோடு மடிப்பையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தாள்.

மடிப்பு என்று நாங்கள் சொன்னது இன்லேண்டின் ஓரத்தில் பசை தடவியிருக்கும் ஒல்லியான பட்டையை. அவள் வீடு எழுமலையில் இருந்தது. மகளுக்கு வரும் கடிதத்தை அவளுடைய அப்பா, வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் கேட்கும்படி உரக்கப் படிப்பார். மதுரையில் எங்கள் அப்பா உரக்கப் படிக்க மாட்டார். சத்தமில்லாமல் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்; அது அதைவிட மோசம். அதனால் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஊருக்குத் தெரியலாம் என்பதைக் கடிதத்தின் நடுவில் எழுதுவது. தெரியக் கூடாததை மடிப்பின் உட்புறம் பொடி எழுத்தில் எழுதுவது. தபால்காரரிடம் வாங்கியதும், பிரிக்கிற சாக்கில் மடிப்பைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு மீதியை அப்பாவிடம் நீட்ட வேண்டும். படித்ததும் மடிப்பை அடுப்பில் போட்டுவிட வேண்டும். அவள் தன் குலசாமி மேலும் நான் வேதாகமத்தின் மேலும் சத்தியம் செய்திருந்தோம்.

அவள் மடிப்புகள் எல்லாவற்றையும் நான் எரித்தேன். என்னுடையதை அவள் எரிக்கவில்லை. குண்டூசி குத்திக் கடிதத்தோடு சேர்த்தே பாதுகாத்திருக்கிறாள். பாசமாம். அவள் அப்பாவின் கண்ணாடிக்குத் தப்பிய எழுத்து, திரையில் இரண்டு விரலை விரித்ததும் கொட்டை கொட்டையாகத் தெரிந்தது. "மாப்பிள்ளையைப் பார்த்தேன். பிடிக்கவே இல்லை. சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. வாத்தியார் வேலை என்றதும் அப்பா சரி சொல்லிவிட்டார். மரக்கட்டையோடு குடும்பம் நடத்தப் போகிறேன்."

அந்த மரக்கட்டையின் தங்கை, அதாவது என் நாத்தனார், அதே விடுதியில் எங்களுக்குக் கீழ் வகுப்பில் படித்தவள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். சாயங்காலத்துக்குள் படம் அண்ணனுக்குப் போய்விட்டது. அவர் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு விரலை விரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்து மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார். அன்று முதல் காபி, மருந்து, கரண்ட் பில் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பேரன் பேத்தி எடுத்த வயதில் ஒரு மனிதர், இத்தனை காலம் வேண்டாதவளோடு வாழ்ந்திருக்கிறோமோ என்று தனக்குள்ளேயே வைத்துப் புழுங்குவதை என்ன செய்வது?

தோழியைக் கூப்பிட்டேன். "ஏண்டி, எம்புட்டு வருசம் ஆச்சு, இன்னுமா அதெல்லாம்?" என்றாள். "எல்லாருக்கும் டெலிட் பண்ணிட்டேன்டி. நாஞ் சும்மா தமாசுக்குப் போட்டேன்." பிறகு கும்பிடும் கைப் பொம்மை ஒன்றை அனுப்பினாள். அந்தக் கும்பிடு என் நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. குடும்பத்துக்குள் கொள்ளி வைத்துவிட்டு, மன்னிப்புக்குக்கூட ஒரு பொம்மைதானா?

பழிவாங்குவது ஆண்டவர் வேலை என்று எங்கள் போதகர் சொல்வார். ஆண்டவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். இதை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவள் மடிப்புகள் என்னிடம் இல்லாவிட்டால் என்ன? அத்தனையும் மனப்பாடம். இப்போது அவள் விளாங்குடியில் மகன் வீட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். தபால் வந்தால் வாட்ச்மேன் வாங்கி வைப்பார், மருமகள் எடுத்துப்போவாள். என் ரகசியத்தை அவள் திறந்து காட்டினாள் அல்லவா, நான் அவளுக்குத் திறந்த கடிதமாகவே எழுதுவேன். போஸ்ட் கார்டு. உறையும் கிடையாது, மடிப்பும் கிடையாது.

தபால் நிலையத்தில் கார்டு கேட்டபோது அங்கிருந்த தம்பி, மேசை இழுப்பறையெல்லாம் துழாவி ஒரு கட்டு கார்டு எடுத்தார். "யாருக்கும்மா எழுதப் போறீக?" என்றார். "சிநேகிதிக்கு" என்றேன். "இந்தக் காலத்துலயும் இம்புட்டுப் பாசமா" என்று நெகிழ்ந்துபோனார். நானும் சிரித்துவைத்தேன்.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கட்டைவிரலால் தட்டியும், கைப்பேசியிடம் வாயால் சொல்லியும் பழகிய கைக்குப் பேனா கனத்தது. பள்ளி அலுவலகத்தில் காலமெல்லாம் எழுதிப் பிழைத்தவள் நான். என் எழுத்து இப்போது கோழி கிளறிய குப்பையாக இருந்தது. வாட்ச்மேனால் படிக்க முடியாவிட்டால் பழி எதற்கு? பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பழகினேன். கோபம் நல்ல வாத்தியார். எழுத்து சீக்கிரமே திரும்பி வந்தது.

முதல் கார்டில் இப்படி எழுதினேன்: "அன்புள்ள தோழிக்கு, உன் மாமியார் இறந்த அன்று அழுகை வராமல் வெங்காயத்தைக் கசக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டதாக எழுதியிருந்தாயே, நினைவிருக்கிறதா?" அடுத்ததில், அவள் தன் வீட்டுக்காரரின் தம்பிக்கு வேண்டுமென்றே ஊசிப்போன குழம்பை ஊற்றிய கதை. மூன்றாவது போனதும் அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. "நிறுத்துடி. மருமக சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து குடுக்குறா. வாட்ச்மேன் என்னையப் பாத்துப் பம்முறான்." அன்று எனக்குச் சோறு ருசித்தது.

அவளுடைய மடிப்புகளில் பெரியது ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இளைய மகன் வயிற்றில் இருந்தபோது அவள் எழுதியது. இந்தப் பிள்ளை வேண்டாம், பப்பாளி தின்றேன், எள் தின்றேன், கலையவில்லை என்று. அந்த மகன் வீட்டில்தான் இப்போது இருக்கிறாள். அவன்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான். அதை ஓர் எழுத்துப் பிசகாமல், அழகாக, நிறுத்தி எழுதினேன்.

கார்டுகளைப் பெட்டியில் போடுவது நடைக்குப் போகும் என் கணவர்தான். பிறர் கடிதத்தைப் படிக்காத மனிதர். முன்பு கொடுத்தவற்றைப் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. அன்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று படித்தார். திரும்பி உள்ளே வந்து கார்டை என் முன்னால் வைத்தார்.

"இதப் படிக்கப் போறவனுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அவளைத் திட்ட ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிடிக்கலன்னு அவளுக்கு எழுதுன. சரி. பின்னாடி எப்பவாச்சும் பிடிச்சிருந்தா, அத யாருக்கு எழுதுன?"

பதிலுக்கு நிற்காமல் நடைக்குப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்குக் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாமியாரைப் பற்றி, பள்ளிக்கூடத்துச் சண்டைகளைப் பற்றி, பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றி. காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை. குறை சொல்ல மடிப்பு இருந்தது. இதைச் சொல்ல ஓர் இடமும் இல்லாமல் போயிற்று. அதையும் அவள் கணக்கில்தான் சேர்த்தேன். பப்பாளிக் கார்டைக் கிழித்துப்போட்டேன், அது அந்தப் பையனுக்காக. அவளை மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை.

வாங்கி வந்த கட்டுக்குள் இன்னும் கார்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்து அவர் பெயரை எழுதி, எங்கள் வீட்டு விலாசத்தையே எழுதினேன். தபால்காரர் வண்டியில் இருந்தபடியே படிக்கட்டும், எதிர்வீட்டார் வாங்கிக் கொடுத்தாலும் படிக்கட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மரக்கட்டை என்று எழுதியது நான்தான், பிடித்துப்போயிற்று என்று எழுதுவதும் நான்தான் என்று தொடங்கி, இடம் தீரும்வரை எழுதினேன். இந்தக் கார்டை அவரிடம் கொடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நானே போய்ப் பெட்டியில் போட்டேன்.