ஆவாரஞ்செடிக்குக் குடை

தேக்கா கடையில் கடைக்கார அக்கா உலர்ந்த ஆவாரம்பூவை அள்ளிப் பையில் போட்டபோது மஞ்சள் தூசி என் மூக்கில் ஏறியது.

என் சின்ன வயதில், எங்கள் மார்சிலிங் அடுக்குமாடி வீட்டின் திறந்த காரிடாரில் அப்பா ஓர் ஆவாரஞ்செடி வளர்த்தார். ஊரிலிருந்து வந்த விதை. வறண்ட காட்டில் தானாக வளரும் அதற்குச் சிங்கப்பூர் மழைதான் எமன். முதலில் வைத்த செடி வேர் அழுகிப் போனது. அதன்பின் மழை வந்தாலே வீட்டிலிருந்த ஒரே குடையைத் தொட்டிக்கு மேல் விரித்துக் கட்டிவிட்டு, ஜூரோங் கப்பல் பட்டறைக்கு நனைந்துகொண்டே போவார்.

“செடிக்குக் குடை, உங்களுக்கு வேணாமா?” என்று அம்மா கேட்பார்.

“நான் காய்ஞ்சிடுவேன் லா. அது அழுகிடும்.”

அம்மா அந்தச் செடியைத் தொட்டதே இல்லை.

ஒருநாள் பட்டறையிலிருந்து ஆள் வந்தார். அப்பா மயங்கி விழுந்துவிட்டார், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். அப்பா வேலைக்குப் போனபின் தொடங்கிய மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. குடையோடு கிளம்பிய அம்மா தொட்டியருகே நின்றார். குடையை விரித்து, அப்பா கட்டுவதுபோலவே கட்டினார்.

“போலாம்” என்றார் என்னிடம்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதற்குள் போய்விட்டிருந்தார். நாங்கள் இருவரும் அழவில்லை. செடி நனைந்திருக்காது என்று மட்டும் நினைத்தேன்.

கடைக்கார அக்கா பையை நீட்டினார். வெளியே மழை தொடங்கியிருந்தது.

“குடை இல்லையா மா? நனைஞ்சிடுவீங்களே.”

“காய்ஞ்சிடுவேன்கா” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.