மூன்று மார்க் போட்ட பாட்டு

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அமோகமாக விற்ற ஆங்கிலப் பாட்டுகளைத் திரும்பக் கேட்டு, இங்கே பத்துக்கு மார்க் போட்டு வருகிறேன் அல்லவா?

இன்று காலை ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பஸ்ஸில் அதிலொன்றைப் போட்டார்கள். நேற்று நான் மூன்றே மார்க் கொடுத்துக் கிண்டலடித்த பாட்டு.

கோரஸ் வந்ததும் முன் சீட்டிலிருந்த ஐயா பாட ஆரம்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை.

பக்கத்திலிருந்த அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பதறிப்போய், "என்னங்கம்மா ஆச்சு?" என்றேன்.

"பாரிசவாதம் வந்து நாலு மாசமா இவரு ஒரு வார்த்த பேசலைங்க. என் பேரு கூட வரல. இப்ப ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். அந்தக் காலத்துல கேசட் கடையில வேல செஞ்சாருங்க."

பாட்டு முடிந்தது. ஐயாவும் நின்றுவிட்டார். அம்மா எழுந்து டிரைவரிடம், "தம்பி, அதையே இன்னொருக்கா போடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வரும்வரை அதே பாட்டுதான் ஓடியது. ஒவ்வொரு முறையும் அவர் பாடினார்.

உங்கள் வீட்டில் யாருக்கு எந்தப் பாட்டு உயிர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் மார்க் போட்டுத் தொலைத்துவிடுவேன்.