ஒன்பது மணிக்குத் திறந்த கதவு

1. ஆர்டர் வந்தது

ஊசி போதைக்கு மாற்றாக நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கலாம் என்று ஆர்டர் வந்தபோது நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். அதுவரை அதற்கு மதுரைக்குத்தான் ஓட வேண்டும். சட்டம் தளர்ந்துவிட்டது, இனி ஊசிக்கு அடிமையானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று குதித்தேன்.

ஒரு நிபந்தனை உண்டு. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. நோயாளி தினமும் வந்து என் கண் முன்னால் வாயில் வைத்து, கரையும்வரை பத்து நிமிடம் உட்கார வேண்டும்.

முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் மூன்று பேர். ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மாத்திரை விட்டுப்போனால் உடம்பு முறுக்கும், கை மறுபடி ஊசியைத் தேடும்.

2. மழை நாள்

ஐப்பசியில் ஒரு நாள் விடாத மழை. கதவைத் திறந்தால் எட்டுப் பேர் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். முன்னால் காளிராஜ், தாயில்பட்டி பட்டாசு கம்பெனியில் வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுகிறவர். ஊசி குத்திய வலது கை சீழ் கட்டி வீங்கியிருந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏப்பா, கையை எடுக்குற அளவுக்குக் கொண்டுவந்துட்டியே! வெயிலடிச்சா வரமாட்ட, மழையில மட்டும் நனைஞ்சுக்கிட்டு வருவியோ?"

"மழைன்னாத்தான சிஸ்டர் கம்பெனி லீவு. மத்த நாளு ஆறரைக்கு வேன் வந்துரும். நீங்க ஒம்பது மணிக்குத் தொறக்கீக. வேனை விட்டா அன்னைக்கு வேலை கெடையாது. ஞாயித்துக்கெளம வந்து பாத்தேன், பூட்டிக் கெடந்துச்சு."

நான் மதுரைக்காரி. ஈரத்தில் பட்டாசு காயாது, மழை என்றால் வேலை நிற்கும் என்பது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நான் யாரிடமும் கேட்டதே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

டாக்டர் அவர் கையைக் கீறிக் கட்டுப் போட்டு முடித்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். "சார், விடியக்காலம் திறக்கணும்."

"ஆர்டர்ல நேரம் என்ன போட்டிருக்குன்னு பாரும்மா."

மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தேன். டாக்டர் இருக்க வேண்டும், நர்ஸ் இருக்க வேண்டும், ரெஜிஸ்டர் எழுத வேண்டும். நேரம் எங்கேயும் இல்லை.

"அப்ப ஒன்பது மணின்னு வச்சது யாரு சார்?"

"நாமதாம்மா," என்றார் மெதுவாக.

திங்கட்கிழமை ஐந்தரைக்குத் திறந்தோம். அதன் பிறகு ஞாயிறும் பூட்டவில்லை. முதல் நாள் வரிசையில் கடைசியாக நின்ற காளிராஜ் மாத்திரையோடு வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, வெளியே வேன் ஹாரன் அடித்தது. நானே டிரைவரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, நாலே நிமிஷம்."

"கம்பெனி கேட்டை மூடிருவாக சிஸ்டர். சரி, சட்டுனு அனுப்புங்க."

காளிராஜின் கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல் மடங்கவில்லை. குழாய் உருட்ட முடியாமல் பேக்கிங்குக்கு மாறினார். என்னை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஆர்டர் வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் கதவு திறக்கும் நேரத்தில் அந்த நோயாளி எங்கே இருப்பார் என்று முதல் நாளே கேளுங்கள். நான் கேட்கவில்லை. அந்த இரண்டு விரலும் என் கணக்கில்தான்.