சினை ஊசிக்கு ஒரு போன்

விடிகாலையில் கட்டுத்தரைக்குப் போனால் மாடு கத்திக்கொண்டு நின்றது. வாலுக்கடியில் கண்ணாடி போல ஒழுக்கு. பருவத்துக்கு வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் சினை ஊசி போட்டாக வேண்டும். தவறினால் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் ஆகும். பால் வற்றிய மாட்டுக்கு அதுவரை தவிடும் புண்ணாக்கும் வெட்டியாகக் கொட்ட வேண்டும்.

ஊசி போடுகிறவருக்குப் போன் செய்தேன். "ஊட்டுல ஆம்பளைங்க இல்லீங்களா? அவங்களைப் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். என் கணவர் லாரியோடு வடக்கே போயிருந்தார், போனை எடுக்கவில்லை. மாமனாரிடம் சொன்னேன். மருமகள் வாயில் அந்தப் பேச்சு வந்ததே அவருக்குக் கூச்சம். "தண்ணி காட்டு கண்ணு, கத்தறது நின்னுரும்" என்று சொல்லிவிட்டு மோகனூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

சாணி அள்ள நான். பால் கறக்க நான். ஈனும்போது கன்று தலை மாட்டிக்கொண்டால் கையை விட்டு இழுக்கவும் நான். போனில் பேச மட்டும் ஆம்பளை வேண்டுமாம்!

அடுத்த பருவமும் இப்படியே வீணாய்ப் போனது. "இது மலட்டு மாடுங்க, ஓட்டிக்கிட்டுப் போயிருங்க" என்று மாமனார் தரகரிடம் பேசியதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுபடி மாடு கத்திய காலையில், மாமனார் பக்கத்தில் நின்றுகொண்டே போன் போட்டேன். "ஊட்டுல ஆம்பளைங்க இல்லீங்களா?" என்று அதே கேள்வி.

"இருக்காருங்க, இங்கதான் நிக்கறாரு. ஆனா ஊசி மாட்டுக்குங்க" என்றேன்.