காணாமல் போன பனி ரோடு

குணசேகரனுடைய கார் ரேஸ் கேசட்டில் எட்டு ரோடு இருந்தது. நான் ரிப்பேர் செய்து கொடுத்த பிறகு ஏழுதான் இருந்தது. பழைய டிவி கேம் ரிப்பேர் தொழிலில் ஓடுகிற மெஷினைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். திரும்பி வருகிற மெஷினைப் பற்றி ஊரே பேசும். கடை வைத்திருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

லேபிள்

குணசேகரன் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்து பாபநாசம் பக்கம் நெல் போடுகிறவர். அங்கிருந்து கொண்டுவந்த ஜப்பான் மெஷின் அது. கரண்ட் ஏறவில்லை என்று கேசட்டோடு கொடுத்தார். கண்டன்சர் மாற்றினேன், ஓடியது, கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வந்து நின்றார். ஜப்பான் எழுத்து வந்த இடத்தில் இங்கிலீஷ் வருகிறதாம். சிவப்பு கார் நீலமாகிவிட்டதாம். கடைசியில் வரும் பனி ரோடே இல்லையாம். நான் அவர் கேசட்டையே மாற்றிவிட்டேன் என்கிறார். லேபிளில் அவர் பிள்ளை கிறுக்கிய பேனாக் கோட்டைக் காட்டினேன்.

"லேபிளைப் பிரிச்சு ஒட்டத் தெரியாதவரா நீங்க?" என்றார்.

தரங்கம்பாடி வாத்தியார்

முப்பது வருஷக் கடை. திருட்டுப் பட்டம் இதுதான் முதல் தடவை. விஷயம் வாட்ஸப் குரூப்பில் ஏறிவிட்டது. பழைய கேம் பைத்தியங்கள் எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள். போன் அடித்தால் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

தரங்கம்பாடி டேனியல் வாத்தியார் இரண்டு பஸ் மாறி வந்தார். அவர் மெஷின் என் மேசையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. டீ சொன்னேன், வேண்டாம் என்றார். திருகாணிகளைக்கூட எண்ணி வாங்கிக்கொண்டார்.

"அவசரம் ஒண்ணுமில்லைங்க. மெஷின் கொஞ்ச நாள் வீட்லயே இருக்கட்டும்" என்றார்.

இல்லாத ரோடு

இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தேன். கேம் செய்கிறவர்கள் சில ரோடுகளை வரைந்துவிட்டு, உள்ளே போக வழி வைக்காமலே விட்டுவிடுவார்களாம். கேசட்டுக்குள் சும்மா கிடக்குமாம். அதையே பிடித்துக்கொண்டேன். குணசேகரன் வீட்டுக்கே போய், பனி ரோடும் அப்படிப்பட்டதுதான், நீங்கள் வேறெங்கோ படத்தில் பார்த்திருப்பீர்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கையில்லை.

அவர் கோபப்படக்கூட இல்லை. "அஞ்சு வருஷமா அந்த ரெண்டாவது வளைவுல சறுக்கி விழுறேங்க. இல்லாத ரோட்லயா விழுந்தேன்?" என்றார்.

கம்பி

போக ஓரிடம்தான் பாக்கி. கும்பகோணம் செபஸ்தியான், அதே தொழில். எட்டு வருஷமாகப் பேச்சில்லை. நான் பற்றவைத்த போர்டைப் பார்த்து, வரட்டி தட்டின மாதிரி இருக்கிறது என்று நாலு பேர் நடுவில் சொன்னவன். குணசேகரனையும் மெஷினையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கேசட்டை அவரே மடியில் வைத்துக்கொண்டார்.

செபஸ்தியான் கேசட்டைத் தொடவே இல்லை. மெஷினைப் பிரித்தான். போர்டில் ஒரு சின்னக் கம்பியைக் காட்டி, யார் போட்டது என்றான். நான்தான். ஜப்பான் மெஷின் மற்ற நாட்டுக் கேசட் சிலதை ஏற்காது. இங்கே எல்லாரிடமும் கலந்துகட்டிய கேசட். அதனால் என் மேசைக்கு வருகிற எந்த ஜப்பான் மெஷினுக்கும் கேட்காமலே அந்தக் கம்பியைப் போட்டு, மற்ற நாட்டு மெஷின் மாதிரி ஆக்கிவிடுவேன். பழக்கம். குணசேகரன் மெஷினுக்கும் போட்டிருக்கிறேன். நினைவே இல்லை.

கம்பியை எடுத்தான். ஜப்பான் எழுத்து வந்தது. சிவப்பு கார் வந்தது. பனி ரோடு வந்தது. குணசேகரன் ஓட்டினார், இரண்டாவது வளைவில் விழுந்தார். விழுந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செபஸ்தியான் நான் கேட்காமலே போனை எடுத்து, குரூப்பில் குரல் பதிவு போட்டான்: "ரோடு எல்லாம் கேசட்டுக்குள்ளயேதான் இருக்கு. எந்த நாட்டு மெஷின்னு பாத்துதான் அது காட்டும். அண்ணன் கேசட்டை மாத்தலை, நாட்டை மாத்திட்டார்."

முப்பது வருஷம் நான் சேர்த்த பேரை என் கம்பியே கெடுத்தது. அதை மீட்டுக் கொடுத்தவன், வாயில் நல்ல வார்த்தையே வராத கும்பகோணம் செபஸ்தியான்.